பொதுச்சுவர்

கான்கிரீட்டுக்காகக் கட்டிய கம்பிக்கூடு மண்ணை உரசிக்கொண்டு நின்றது. லோர்னா குழிக்குள் இறங்கி, அதைப் பிடித்து ஆட்டிக் காட்டி, கட்டட மேஸ்திரி கோஸ்டெலிடம் கத்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் சத்தம் வந்தது.

"கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவுல இடம் விடணும்னு என்ஜினியர் படம் போட்டுக் கொடுத்தாரா இல்லையா? அந்தப் படத்துல நீ என்ன, சாண்ட்விச் மடிக்கிறியா?"

"கட்டை வெச்சுத் தள்ளிடறேன் மேடம். சின்ன வேலை."

"சின்ன வேலையை நான் வந்து சொல்ற வரைக்கும் ஏன் வெச்சிருந்தே?"

டம். டம்.

மண் அள்ளிக்கொண்டிருந்த இரண்டு பேரும் மண்வெட்டியை ஊன்றிச் சிரித்தார்கள். கோஸ்டெல் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தான். "உங்க அண்ணன் குட் மார்னிங் சொல்றார்."

"சொல்லட்டும்."

தினமும் காலையில் வேலை ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டிலிருந்து டெரெக் அடிப்பான். முன்னறைச் சுவரில், தலை உயரத்தில், கைத்தடியால் ஐந்தாறு அடி. விட்டு விளாசுவான். பிறகு ஓய்ந்து, அவனுடைய சர்வேயருக்குப் போன் போடுவான். இன்றைக்கு அடி வேறு மாதிரி இருந்தது. ஒன்று விழும், இடைவெளி, இன்னொன்று. அதுவும் மேலிருந்து வரவில்லை. நிலவறை விட்டத்துக்குச் சற்று மேலே, அவன் வீட்டு நடைத் தரையை ஒட்டி வந்தது. லோர்னா அதைக் கவனித்தாள்.

கோஸ்டெலும் கவனித்தான். "என்ன இன்னிக்கு, உக்காந்துக்கிட்டு அடிக்கிறாரா?"

"கால் வலிக்குதோ என்னவோ. அடிச்சுக் களைச்சா தானா நிறுத்துவான். நீ டிரில்லை ஓட்டு."

அவன் ஓட்டினான். பழைய அஸ்திவாரத்தில் துருத்திக்கொண்டிருந்த பகுதி உடைந்து விழ ஆரம்பித்ததும் வேறு எதுவும் காதில் விழவில்லை. இடையில் டிரில்லின் உளியை மாற்ற ஒரு தடவை நிறுத்தியபோது ஒரு அடி கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. தோற்றுவிட்டான் என்று நினைத்து, அவள் மேலே போய் டீ போட்டுக் குடித்தாள்.

ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கிற இரண்டு வீடுகள் அவை, தென் லண்டனின் மேட்டுத் தெரு ஒன்றில். அந்தப் பகுதியை யாரும் சீண்டாத காலத்தில் அப்பா இரண்டையும் வாங்கிப் போட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக எழுதி வைத்துவிட்டுச் செத்தார். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பார்கள் என்று நம்பிய மனிதர். அம்மா கடைசிக் காலத்தில் லோர்னாவிடம் இருந்தாள். மறதி முற்றி, காஸைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போக ஆரம்பித்தபோது லோர்னா அவளை முதியோர் இல்லத்தில் சேர்த்தாள். அங்கே போன கொஞ்ச நாளில் அம்மா இறந்துபோனாள். அடக்கம் முடிந்து எல்லோரும் கையில் தட்டோடு நிற்கும்போது டெரெக் குரலை உயர்த்தாமல் சொன்னான்: "அவளைத் தள்ளி விட்டவ இதோ நிக்கிறா, கேக் சாப்பிட்டுக்கிட்டு." ஒரு நாளும் அம்மாவுக்குக் கால் நகம் வெட்டி விடாதவன். பேச்சு அன்றோடு நின்றது.

லோர்னாவின் கணவன் எப்போதோ வேறொருத்தியோடு போய்விட்டான். மகன் குடும்பம் வாடகை கட்டித் தேய்ந்துகொண்டிருந்தது. மேலே இரண்டு மாடியையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, நிலக்கரி கொட்டி வைத்த பழைய நிலவறையைக் குடைந்து ஆழமாக்கி, பின்பக்கம் சமையலறையை நீட்டி, கீழே தான் இருந்துகொள்ளலாம் என்பது அவள் திட்டம். ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை அரங்குகளுக்கு நேரம் ஒதுக்கித் தந்து ஓய்வுபெற்றவள். பெரிய பெரிய டாக்டர்களையே வரிசையில் நிற்க வைத்தவளுக்கு ஒரு பேஸ்மென்ட் எம்மாத்திரம் என்று தானே நின்று நடத்தினாள். முதல் ஆர்க்கிடெக்டை விரட்டினாள். ஜன்னல்காரனை விரட்டினாள். எலக்ட்ரீஷியன் தானாகவே ஓடினான். கோஸ்டெல் மட்டும் நிலைத்தான். அவனுக்கு வசவு முதுகில் மழை மாதிரி.

பொதுச்சுவருக்கு அடியில் தோண்ட டெரெக்கின் ஒப்புதல் வேண்டும். அவன் சட்டம் அனுமதித்த அத்தனை வழியிலும் இழுத்தடித்தான். நோட்டீஸ் போன அன்று வேலிக்கு மேலாகத் தலையை நீட்டிச் சொன்னான், "அப்பா வீட்டுக்கு அடியில உனக்கு நீயே குழி வெட்டிக்கிறியா? நல்லது. எனக்கு ஒரு வேலை மிச்சம்." அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அது ஒன்றுதான்.

அன்று மதியம் வாசல் மணி அடித்தது. டெரெக்கின் சர்வேயர் ஹாலம் நின்றிருந்தார். வாரா வாரம் வந்து அவன் வீட்டுச் சுவரில் விரிசல் அளந்துவிட்டுப் போகிறவர். எப்போதும் டை கட்டிய, எப்போதும் சளி பிடித்த மனிதர். இப்போது முகத்தில் ரத்தமில்லை.

"மணி அடிச்சேன், திறக்கல. தபால் போடற துவாரம் வழியாப் பார்த்தேன். ஒரு கால் தெரியுது."

"கால்னா?"

"காலுறை மட்டும். ஷூ இல்ல."

ஆம்புலன்ஸ்காரர்கள் கதவை உடைத்தார்கள். நடையில், படிக்கட்டுக்கும் பொதுச்சுவருக்கும் நடுவில், டெரெக் பக்கவாட்டில் கிடந்தான். இடுப்பு ஒரு மாதிரி திரும்பியிருந்தது. கைத்தடி எட்டாத தூரத்தில் சமையலறை வாசலில் கிடந்தது. அவனுடைய வலது கால் ஷூ அவன் கையில் இருந்தது. முன்பகுதியைப் பிடித்திருந்தான், குதிகால் வெளியே இருக்கும்படி.

லோர்னா வாசற்படிக்கு மேல் போகவில்லை. அங்கிருந்தே ஷூவைப் பார்த்தாள்.

சின்னப் பெண்ணாக ஒரு போலீஸ்காரி வந்தாள். தூசி படிந்த சோபாவின் நுனியில் உட்கார்ந்து கேட்டாள். "காலைல அந்தப் பக்கமிருந்து ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"கீழ டிரில் ஓடிட்டிருந்துச்சு. என் குரலே எனக்குக் கேட்டிருக்காது."

"நீங்களும் அவரும் எப்படி?"

"பேச்சுவார்த்தை கிடையாது. தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. நீங்க கேட்டுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்."

போலீஸ்காரி எழுதிக்கொண்டாள். கோஸ்டெலிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் போன பிறகு அவன் குழி ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக் கட்டி, அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன?" என்றாள் லோர்னா.

"என்னைக் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் மேடம். கேக்கலேன்னா நானாப் போய்ச் சொல்லவும் மாட்டேன்."

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல." அவன் எழுந்தான். "ஊர்ல என் தம்பியோட எனக்கும் பேச்சில்ல. அவன் அங்க, நான் இங்க. நடுவுல சுவர் இல்ல, அவ்வளவுதான்."

"உன் கதையை நான் கேக்கல. சுவருக்கு முட்டுக் கொடுத்த ஜாக்கியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாரு."

மறுநாள் டெரெக்கின் மகள் கெயில் லீட்ஸிலிருந்து காரில் வந்து இறங்கினாள். லோர்னா அவளைக் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். இப்போது முப்பதைத் தாண்டிய, தாடை அகன்ற பெண். டெரெக்கின் தாடை. வீட்டுக்குள் வரவில்லை, நடைபாதையில் நின்றபடியே, மண் ஏற்றும் பெல்ட்டுக்கு மேலாகக் கத்தினாள்.

"நிறுத்தச் சொல்லுங்க அதை!"

லோர்னா கை காட்டினாள். பெல்ட் நின்றது.

"எங்கப்பா பிணவறைல இருக்கார். நீங்க மண்ணு அள்றீங்க."

"குழி பாதியில நிக்குது கெயில். உன் சுவரும் என் சுவரும் ஒரே சுவர். அதைத் தாங்கற மண்ணை எடுத்தாச்சு. கான்கிரீட் ஊத்தினாத்தான்..."

"சர்வேயர் எங்க பக்கம் வந்து பார்க்காம நீங்க ஊத்த முடியாது. அப்பா சொல்லியிருக்கார். இறுதிச்சடங்கு முடியற வரைக்கும் அந்தக் கதவை நான் யாருக்கும் திறக்கறதா இல்ல."

"அது வரைக்கும் சுவர் காத்துக்கிட்டு நிக்குமா?"

"ராத்திரியெல்லாம் தூங்காம, காலைல உங்க இரைச்சல்ல எழுந்து, தலை சுத்தி விழுந்திருக்கார். கூப்பிட்டிருந்தாக்கூட அந்த டிரில் சத்தத்துல யாருக்குக் கேட்டிருக்கும்? நீங்கதான் லோர்னா அவரைக் கொன்னது. நீங்களும் உங்க மெஷினும்."

அத்தை என்று கூப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் திரையை விலக்கினார்கள். லோர்னாவுக்கு வாயில் எத்தனையோ வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கிறிஸ்துமஸுக்கு வந்து போன மகள் நீ. அவனுக்கு இடுப்பு தேய்ந்திருந்ததே உனக்குத் தெரியாது. அதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கெயில் எறிந்த பழியில் ஒரு நிழல் இருந்தது. அதற்கு அடியில் ஒதுங்கி நிற்கலாம் போலிருந்தது.

"ஆமா," என்றாள். "டிரில் சத்தத்துல எதுவும் கேட்டிருக்காதுதான்."

மரண விசாரணை அலுவலகம் உடலைத் தர நாளாயிற்று. குழி திறந்தே கிடந்தது. இந்த வேலையில் சுவருக்கு அடியில் ஒரே மூச்சாகத் தோண்ட முடியாது. ஓர் ஆள் அகலத்துக்கு எடுத்து, கான்கிரீட் ஊற்றி, அது இறுகிய பிறகு அடுத்தது. திறந்ததை உடனே மூட வேண்டும். மழை பிடித்துக்கொண்டது. களிமண் ஊறி, பலகையைத் தள்ளிக்கொண்டு பிதுங்கியது. கோஸ்டெல் தினமும் வந்து தண்ணீர் இறைத்தான். என்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, போனிலேயே கெயிலிடம் கத்தினார். கெயில் பதிலுக்குக் கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு மாலை அவளே வந்து லோர்னாவின் கதவைத் தட்டினாள். "வாங்க. வந்து பாருங்க நீங்க பண்ணியிருக்கறதை."

அம்மா போனதிலிருந்து லோர்னா அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. அப்பா ஒட்டிய அதே சுவர்க்காகிதம். நடையின் உச்சியில், கூரையை ஒட்டி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு புது விரிசல் குறுக்கே இறங்கியிருந்தது.

"நான் உடனே ஊத்தணும்னு சொன்னது இதுக்குத்தான்," என்றாள் லோர்னா. "அண்ணாந்து நல்லாப் பாரு. இது உன் பிடிவாதம் போட்ட விரிசல்."

"சரி. ஊத்துங்க. நாளைக்கே ஹாலம் வருவார்." கெயில் அசையவில்லை. "நான் காட்டக் கூப்பிட்டது அதை மட்டுமில்ல."

அவள் குனிந்து, சுவரோரம் இருந்த ஒரு சின்ன மேஜையை இழுத்தாள். தரைப் பலகைக்கு ஒரு சாண் மேலே காகிதம் கிழிந்து, சாந்து உதிர்ந்திருந்தது. பாதி நிலா வடிவத்தில் தடங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. சில ஆழமாக. ஓரத்தில் இருந்தவை வெறும் கீறல்.

"ஷூ," என்றாள் கெயில்.

லோர்னா குனிந்து பார்க்கவில்லை. விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கான்கிரீட் கம்பெனிக்காரன் எப்ப லாரி அனுப்புவான்னு கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஹாலம் வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தார். லாரிதான் கிடைக்கவில்லை. கெஞ்சியும் மிரட்டியும் கம்பெனிக்காரன் கொடுத்தது ஒரே ஒரு நாள், அது டெரெக்கின் இறுதிச்சடங்கு நாள். வேண்டாமென்றால் இரண்டு வாரம் கழித்து. வானத்தைப் பார்த்துவிட்டு லோர்னா சரி என்றாள். கெயிலிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்.

முந்தின நாள் கெயில் போன் செய்தாள். "இறுதிச்சடங்குக்கு ஒரே ஒரு கார்தான் சொல்லியிருக்கேன். அதுல ஒரு இடம் இருக்கு. அவருக்குக் கூடப் பிறந்தது நீங்க ஒருத்தர்தான், அதனால சொல்றேன். வர்றதுன்னா வாங்க, வராட்டியும் நான் வருத்தப்பட மாட்டேன்."

"வரேன்," என்றாள் லோர்னா.

சவ வண்டி மேட்டின் உச்சியிலிருந்து இறங்கி வந்தது. கான்கிரீட் லாரி கீழேயிருந்து ஏறி வந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நிறுத்தியிருந்த தெருவில், லோர்னாவின் வீட்டு வாசலில் இரண்டும் முகத்தோடு முகம் நின்றன. இறுதிச்சடங்கு நிறுவனத்தின் மூத்தவர், உயரத் தொப்பியோடு வண்டிக்கு முன்னால் நடந்து வந்தவர், லாரியைப் பார்த்து நின்றார். லாரி டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"பின்னால போக முடியாது தலைவரே. எனக்குப் பின்னால ஒரு பஸ்ஸே நிக்குது."

கெயில் கறுப்பு உடையில் காரிலிருந்து இறங்கினாள். லாரியைப் பார்த்தாள். அதன் வயிறு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு லோர்னாவைப் பார்த்தாள்.

"இன்னிக்கா?"

"இன்னிக்கு விட்டா ரெண்டு வாரம் ஆகும். ரெண்டு வாரத்துல உன் நடைச்சுவர் நடையில கிடக்கும். அது இப்ப உன் வீடு, கெயில்."

"கிடக்கட்டுமே! ஒரு நாள். ஒரே ஒரு நாள் அவரை நீங்க நிம்மதியா விட்டிருக்கலாம்."

"நான் என்ன ஆசைப்பட்டா இந்த நாளைக் கேட்டு வாங்கினேன்?"

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டு ஆள் டிரெஸ்ஸிங் கவுனோடு வந்து, "செத்தவனுக்காவது வழி விடுங்கய்யா" என்று பொதுவாகக் கத்தினான். கோஸ்டெல் ஓடி வந்து குப்பை ஏற்றும் இரும்புத் தொட்டிக்கு முன்னால் நின்ற தன் வேனை எடுத்தான். ஆட்கள் தடுப்புகளைத் தூக்கினார்கள். லாரி இரண்டு சக்கரத்தை நடைபாதையில் ஏற்றிச் சாய்ந்து நின்றது. தொப்பிக்காரர் பக்கக் கண்ணாடிகளை மடக்கச் சொல்லி, கையால் அங்குலம் அங்குலமாக அழைத்து, சவ வண்டியை அதன் பக்கத்தில் கடத்தினார். கோஸ்டெலும் ஆட்களும் தலைக்கவசத்தைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்கள். லாரி டிரைவரும் குல்லாவைக் கழற்றினான்.

காரில் பின்சீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொருவர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. பெரிய சாலைக்கு வந்து சேர்ந்ததும் கெயில் மூக்கை உறிஞ்சினாள். தெருவில் கத்தியதில் அவளுடைய குரல் கம்மிப்போயிருந்தது.

"டாக்டர்கிட்ட மறுபடியும் பேசினேன். விழுந்ததும் மாரடைப்பு வந்திருக்கலாம், உடனே போயிருக்கலாம்னும் சொல்றார். உறுதியாச் சொல்ல முடியாதாம்."

லோர்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அப்ப ஷூவைக் கழட்டும்போது தடுக்கி விழுந்திருப்பார். அதான் கையில இருந்திருக்கு." கெயில் தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். "அந்தத் தடமெல்லாம் பழசா இருக்கும். தினமும் சுவத்தை அடிப்பார்னு ஹாலம் சொன்னார். பழசுதானே அத்தை?"

டிரைவர் சிக்னலில் நிறுத்தினான். முன்னால் சவ வண்டியின் கண்ணாடிக்குள் ஒரே ஒரு மலர்வளையம் லேசாக ஆடி நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும்; இந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு லீட்ஸுக்குப் போய்விடுவாள். கோஸ்டெலை யாரும் கேட்கப்போவதில்லை.

"அவன் தினமும் தடியால அடிப்பான்," என்றாள் லோர்னா. "மேல. தலை உயரத்துல."

கெயில் கையுறையை விட்டுவிட்டாள்.

"அந்தத் தடம் அன்னிக்குக் காலைல விழுந்தது. எனக்குக் கேட்டுச்சு. கீழேர்ந்து வருதேன்னும் தோணிச்சு." "டிரில்லை ஓட்டச் சொன்னேன்."

சிக்னல் விழுந்தது. கார் நகர்ந்தது. கெயில் திரும்பிப் பார்க்கவில்லை, கத்தவில்லை, இறங்கு என்று சொல்லவில்லை. முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கார் தகன மண்டபத்தின் வளைவுக்குள் நுழைந்தது.

மண்டபத்தில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். பஸ் டிப்போவில் டெரெக்கோடு வேலை பார்த்த இரண்டு கிழவர்கள், தெருக்காரர்கள் சிலர், சளியோடு ஹாலம். குடும்பத்துக்கென்று முதல் வரிசையை விட்டு வைத்திருந்தார்கள். கெயில் போய் அதில் உட்கார்ந்தாள். லோர்னா பின்னாலேயே வருவதைப் பார்த்துவிட்டு, கைப்பையைத் தோளிலிருந்து கழற்றி, பக்கத்து இருக்கையில் வைத்தாள்.

லோர்னா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள்.

சடங்கை நடத்த வந்த ஒரு பெண் எழுந்து டெரெக்கைப் பற்றிப் பேசினாள். அவனை அவள் பார்த்ததே இல்லை என்பது தெரிந்தது. பொறுமைசாலி என்றாள். டிப்போக் கிழவர்களில் ஒருவர் செருமினார். பிறகு எல்லோரையும் எழச் சொன்னார்கள். கெயில் எழுந்தபோது அவளுடைய கோட்டு நுனி பட்டுக் கைப்பை கவிழ்ந்தது. சாவி, காகிதக் கைக்குட்டை, சில்லறை எல்லாம் கொட்டின. கெயில் குனியவில்லை. பிரித்து ஒன்றிரண்டு மட்டும் தின்ற ஒரு புதினா மிட்டாய்ச் சுருள், இருக்கைக்கு அடியில் உருண்டு வந்து லோர்னாவின் காலணியில் இடித்து நின்றது.

அவள் குனிந்து எடுத்தாள். நீட்டினால் எட்டும் தூரத்தில் கெயிலின் முதுகு இருந்தது. எங்கிருந்தோ இசை ஆரம்பித்தது. திரை இரண்டு பக்கத்திலிருந்தும் நகர்ந்து சவப்பெட்டியை மூடிக்கொண்டு வந்தது. அது முழுக்க மூடிய பிறகும் மிட்டாய்ச் சுருள் லோர்னாவின் கையில்தான் இருந்தது. பிரிந்த வெள்ளித் தாளை அவள் கட்டைவிரலால் மெல்ல மடித்து மூடிக்கொண்டிருந்தாள்.